ஜிப்சியின் பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா?

ஓடைக்கரை
வண்டி 2004 மாருதி ஜிப்சி கிங். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு ஓடை, ஜூன் பிறந்தால் முழங்கால் தண்ணீர். கடந்து ஏறியதும் முதல் இரண்டு மிதிக்கு, பின்பக்க பிரேக் இருப்பதே தெரியாது. சரி, ஈரம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் ஆழியாறு இறங்கும்போது மழையே இல்லை. நாற்பது கொண்டை ஊசியில் பாதிகூடத் தாண்டவில்லை, மிதிக்க மிதிக்க வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்காரர், ஏதோ காரின் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வைத்து லேத்தில் பிராக்கெட் அடித்து டிஸ்க் போட்டுத் தருகிறேன், 22,000 ரூபாய் என்கிறார். யாராவது போட்டு ஓட்டுகிறீர்களா? ஹேண்ட் பிரேக்கும் அந்த டிரம்மில்தானே இருக்கிறது, அது என்ன ஆகும்?

பழைய ஜீப்
தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன். என் ஜீப்பில் மாட்டியது ஹேண்ட் பிரேக் லீவர் இல்லாத காலிப்பர். ஒன்றரை வருஷம் சீட்டுக்கு அடியில் ஒரு கருங்கல்லோடு திரிந்தேன். மேட்டில் நிறுத்தினால் முதலில் கல் இறங்கும், அப்புறம்தான் நான் இறங்குவேன்.

இன்னொன்று, காலிப்பர் பிஸ்டன் பெரிது, டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிட அதிக பிரேக் ஆயில் கேட்கும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாததால் பெடல் பாதிக்குமேல் இறங்கிய பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் பின்பக்கம் முதலில் லாக் ஆனது. ஈர ரோட்டில் வால் ஒரு பக்கம் போக, மூக்கு ஒரு பக்கம் பார்த்தது. உங்கள் வண்டியில் பின் அச்சோடு கம்பி கோத்த லோட் வால்வு இருக்கும், பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அது டிரம்முக்கு என்று கணக்குப் போட்டு வைத்தது. பட்டறைக்காரர் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா? 15 இஞ்ச் ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் சுற்றுமா என்றும் கேளுங்கள்.

நல்லது இல்லாமல் இல்லை. சேறு தங்காது, தண்ணீர் இரண்டு சுற்றில் உதறிவிடும், பேட் மாற்ற அரை மணி நேரம் போதும்.

காகிதப்புலி
பிராக்கெட் வெல்டிங்கை நம்பி மலை இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அடிபட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிரீஸ்கை
ஈரத்தில் இரண்டு பக்கமும் பிடிக்காமல் இருந்தால் அது டிரம்மின் குணம். காய்ந்த ரோட்டில் இடப்பக்கம் மட்டும் இழுத்தால் வலப்பக்கம் எதுவோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கை விடுங்கள் சார், முதலில் வலது பின் டிரம்மைக் கழற்றுங்கள். ஷூவில் (டிரம்மில் உரசும் கட்டை) கிரவுன் ஆயில், அதாவது பின் அச்சின் கியர் ஆயில், இருந்தால் ஆக்ஸில் சீல் போய்விட்டது. பிரேக் ஆயில் இருந்தால் வீல் சிலிண்டர். வாசனையிலேயே தெரிந்துவிடும், கிரவுன் ஆயில் நாற்றம் கையைவிட்டு இரண்டு நாள் போகாது.

அப்படியே பின் அச்சின் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதரையும் (காற்று போய்வரும் துளை) பாருங்கள். அது சேற்றில் அடைத்தால் உள்ளே சூட்டில் காற்று விரிந்து ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். சூட்டோடு ஓடையில் இறங்கினால் அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

ஓடைக்கரை
ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். வலப்பக்க ஷூ கருவாடு மாதிரி பளபளக்கிறது, நாற்றமும் நீங்கள் சொன்ன அதே நாற்றம். பிரீதரில் குளவி கட்டிய மாதிரி மண். குத்தி எடுத்ததும் புஸ் என்று காற்று வந்தது. சீல், இரண்டு பக்கமும் புது ஷூ, பிரீதரிலிருந்து மேலே தூக்கிக் கட்ட ஒரு முழம் ஹோஸ் சொல்லியிருக்கிறேன். பட்டறைக்காரரிடம் லோட் வால்வைப் பற்றிக் கேட்டேன், "அதெல்லாம் தேவையில்லை சார், பிளக் பண்ணிடலாம்" என்றார். 22,000 ரூபாய் இப்போதைக்கு என் பையிலேயே இருக்கட்டும்.

கிரவுன் ஆயிலும் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது. ஒரு தடவை மாற்றினால் போதுமா, இல்லை கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி மாற்ற வேண்டுமா அண்ணா?

கிரீஸ்கை
100 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறக்குங்கள். முதல் தடவை மலிவான ஆயில் போதும்.