மஞ்சள்தூள் அடைத்த ஓட்டை

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் டப்பாவில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. அப்பா 2003-ல் வாங்கிய மாருதி 800 அது. காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதெல்லாம் பாகு காய்ச்சியதுபோல ஓர் இனிப்பு வாடை அடிக்கும். அதை நான் பொருட்படுத்தவில்லை. உங்களில் யாருக்காவது அந்த வாடை வந்தால் அன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

போன மே மாதம், கத்திரி வெயிலில், திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது விராலிமலைக்குச் சற்று முன்னால் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கியது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். இதில் ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும், அதன் அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெட்டும் போய்விடும். நூறுகளில் முடிகிற வேலை ஆயிரங்களுக்கு ஏறிவிடும்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நான் ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனதைப் பார்த்து ஓடிவந்தார். "தம்பி, கையை எடு. முக்கால் மணி நேரம் போகட்டும்" என்றார். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்தால் சட்டெனக் கொதித்து ஆவியோடு முகத்தில் பீறிடும். அன்று என் முகத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். ஆறிய பிறகு கடைக்கார அம்மாவிடம் கொஞ்சம் மஞ்சள்தூள் வாங்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றினார். தூள் ஊறிப்போய்ச் சிறு ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். உண்மைதான், வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் மட்டுமே இந்த வைத்தியம்.

தெரு முனைப் பட்டறையில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஒழுகும் இடத்தைக் காட்டாமல் சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிரவு காரைச் சற்று ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து, கூலன்ட் ஓடும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேல் ஹோஸ் எஞ்சினோடு சேருமிடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குக் கீழே, வெண்மையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் அங்கே கசிந்து, கொதிக்கும் எஞ்சின் மேல் விழுந்து அப்படியே காய்ந்துவிடுகிறது. தரை ஈரமாகாததன் காரணம் அதுதான்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது வேலையைத் தொடங்கினேன். பழைய ஹோஸைத் திருகி இழுத்தால் குழாயின் வாய் உடைந்துவிடலாம். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தேன். இத்தனை ஆண்டுச் சூட்டில் ரப்பர் பலகைபோல இறுகியிருந்தது. அது காரின் குற்றமன்று, ரப்பரின் ஆயுள் அவ்வளவுதான். அடியில் அலுமினிய வாய் அரித்துப் பொரிந்திருந்தது. அந்தப் பொருக்கைத் தேய்க்காமல் புது ஹோஸை மாட்டியிருந்தால் மறுபடியும் ஒழுகியிருக்கும். 400 எண் உப்புத்தாளால் வழவழப்பாகும்வரை தேய்த்தேன். வேலையில் பாதி நேரம் இதற்கே போயிற்று, போகத்தான் வேண்டும். கிளாம்பை ஹோஸின் நுனியில் போடாமல், குழாயின் மேடான விளிம்பைத் தாண்டி உட்பக்கமாக வைத்து முடுக்கினேன்.

வடித்த கூலன்டைப் பேசினில் பிடித்து உடனே மூடிவைத்தேன். அது இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. எங்கள் தெரு நாய் குட்டிகளோடு கார் நிழலில்தான் படுக்கிறது. சிந்திய இடத்தை இரண்டு முறை கழுவினேன்.

மஞ்சள்தூளின் நிறம் முற்றிலும் போக ரேடியேட்டரை மூன்று முறை அலச வேண்டியிருந்தது. கடைசியாக ஊற்றியது பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். எங்கள் போர் தண்ணீரின் உப்பை உள்ளே விட மனம் வரவில்லை. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்தேன். காற்றுக் குமிழிகள் வந்து அடங்க அடங்க மட்டம் இறங்கியது, இறங்க இறங்க ஊற்றினேன். பிறகே மூடியைப் போட்டேன்.

டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன். நான்கு மாதம் ஆகிறது, குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.