மழைக்கு முன் வரும் ஒற்றைத் தலைவலி: காற்றழுத்தம்தான் காரணமா?

கேள்வி (பிடோர் வாசகி):
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பிடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். பிற்பகலில் மேகம் கறுத்து மழை இறங்குவதற்கு முன்பே எனக்கு இடது நெற்றிப்பொட்டில் தெறிப்பு தொடங்கிவிடுகிறது. அதற்கும் முன்னால் ஓயாமல் கொட்டாவி வரும், பிடரி இறுகும். பிறகு வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் ஆகாது. இடிமழை மிகுந்த ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் தொல்லை கூடுகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போதும் வந்துவிடுகிறது. காற்றழுத்தம் இறங்குவதுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். அப்படியானால் நான் செய்யக்கூடியது என்ன?

பதில் (ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர்):
தங்கச்சி, வானிலை மாறும்போது ஒற்றைத் தலைவலி வருவதாக நோயாளிகள் பலர் சொல்கிறார்கள். காற்றழுத்தத்தை மட்டும் பிரித்துப் பார்த்த ஆய்வுகளோ ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் அழுத்தம் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் ஏறி இறங்குகிறது. காலையிலும் இரவிலும் பத்து மணி வாக்கில் உச்சம். விடியற்காலையிலும் மாலையிலும் நான்கு மணி வாக்கில் தாழ்வு. இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல்தான் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). குளிர்நாடுகளில் பெரும்புயல் கடக்கும்போது 20க்கு மேலும் இறங்குவதுண்டு. மழை இல்லாத மாலையிலும் உங்களுக்கு ஏறக்குறைய இதே இறக்கம் நேர்கிறது என்பதால், அன்றைக்கும் தலை வலிக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

கேமரன் மலை வேறு கதை. அங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் சுமார் 150 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடுகிறது. அங்கே அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். ஆனாலும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டல் எளிதில் வரும்; அந்தச் சாலையின் வளைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பதில் (தமிழ்ப்பள்ளி ஆசிரியை):
ஐயா சொல்வது சரி. ஆனால் மழைக்கு முந்திய நேரத்தில் மாறுவது அழுத்தம் மட்டுமல்லவே. புழுக்கம் ஏறி, வியர்வையில் உடல்நீர் குறைகிறது. மேகத்தின் வெண்மையான விளிம்பு கண்ணைக் கூசச் செய்கிறது. ரப்பர் ஆலை இருக்கும் ஊர்களில் அதன் வாடை ஈரக்காற்றில் அப்படியே தங்கிவிடுகிறது. மின்னலையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து 25 மைல் தொலைவுக்குள் மின்னல் விழுந்த நாட்களில் தலைவலி அதிகமாக இருந்தது தெரியவந்தது.

என் சக ஆசிரியை ஒருவர் தூக்கம், உணவு, மாதவிலக்கு, மழை ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து வந்தார். பசியாறாமல் பள்ளிக்கு வந்த நாட்களில்தான் மாலை மழை அவரைப் படுக்க வைத்தது. வயிறு நிறைந்திருந்த நாட்களில் அதே இடியைத் தாங்கிக்கொண்டார். தனித்தனியே தாங்கக்கூடிய தூண்டுதல்கள் ஒன்றுசேரும்போதுதான் வலி மூள்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பதில் (மருந்தாளுநர்):
அக்கா, உங்கள் கேள்வியிலேயே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. கொட்டாவியும் பிடரி இறுக்கமும் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் முன்கட்டம். வலிக்குப் பல மணி நேரம் முன்பே அது தொடங்கலாம். ஆகவே வானத்தைவிட அந்த அறிகுறிகளை நம்புங்கள்: உடனே தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, வெயிலைவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். வலி தொடங்கியதும், முற்றுவதற்குள், மருத்துவர் சொன்ன மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் பனடோல் (பாராசிட்டமால்) விழுங்காதீர்கள். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் அப்படி எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை மருந்துக்கு அந்த எல்லை 10 நாட்கள். அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகள் உண்டு. ஆசிரியை சொன்னதுபோல் நீங்களும் ஒரு நோட்டில் குறித்துவந்து, அரசாங்கக் கிளினிக்கில் அதைக் காட்டிக் கேளுங்கள்.

திடீரென இடி விழுந்தாற்போல் உச்சத்தை எட்டும் வலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மழையைக் காரணம் சொல்லிக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.