சிவிஏ-01 கைவிடப்பட்டது சரியா, தவறா?

கடல்நேசன்:
1966 பிப்ரவரியில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி, சிவிஏ-01 என்ற விமானந்தாங்கிக் கப்பல் திட்டத்தை ரத்து செய்தார். ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் எடை கொண்ட கப்பல். ரத்தை ஏற்க முடியாமல் கடற்படைத் தளபதி டேவிட் லூஸும் கடற்படை அமைச்சர் கிறிஸ்டோபர் மேஹ்யூவும் பதவி விலகினார்கள். அதன் விலையை 1982-ல் அர்ஜென்டினாவுடன் ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போரில் மாலுமிகள் உயிராகக் கொடுத்தார்கள் என்பது என் கட்சி.

செந்தில்வேலன்:
நண்பரே, அன்று அவர்கள் கஜானா இருந்த நிலையையும் பாருங்கள். 1967-ல் பவுண்டின் மதிப்பையே குறைத்தார்கள். 1968-ல் சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே படை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அப்புறம் அவ்வளவு பெரிய கப்பலுக்கு எங்கே வேலை? ஃபாக்லாந்துக்குப் போனவை ஹெர்மீஸ், இன்வின்சிபிள் என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள்தான். அவற்றிலிருந்து கிளம்பிய சீ ஹாரியர் போர் விமானங்கள் எதிரியின் சுமார் 20 விமானங்களை வீழ்த்தின. வான்சண்டையில் ஒரு ஹாரியர்கூட விழவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

கடல்நேசன்:
வீழ்த்தியதை மட்டும் எண்ணினால் போதாது. மே 4 அன்று ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது, 20 பேர் இறந்தார்கள். அதை ஏவிய அர்ஜென்டினாவின் சூப்பர் எதாந்தார் விமானங்கள் அலையை ஒட்டித் தாழப் பறந்து வந்தவை. கப்பலில் இருக்கும் ரேடாருக்கு அடிவானத்துக்குக் கீழே கண் தெரியாது. உயரத்தில் ஒரு ரேடார் பறந்திருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருக்கும். பழைய ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலில் அதற்காகவே கேனட் விமானங்கள் இருந்தன. 1978 கடைசியில் ஆர்க் ராயல் தன் கடைசிப் பயணத்தை முடித்ததும் அவையும் போய்விட்டன.

அதைவிட வேதனை, கேனட்களிலிருந்து கழற்றிய ரேடார்களை விமானப்படையின் ஷாக்கிள்டன் என்ற தரைத்தள விமானங்களில் பொருத்தியிருந்தார்கள். அவை ஸ்காட்லாந்தின் லாஸிமவுத்தில் நின்றன. ஃபாக்லாந்து ஏறக்குறைய 12,800 கிலோமீட்டர் தள்ளி! கப்பல் செய்ய வேண்டிய வேலையைத் தரைத்தளத்து எஃப்-111 விமானங்கள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் சிவிஏ-01-ஐ நிறுத்தினார்கள். அந்த எஃப்-111 வாங்கும் திட்டத்தையும் 1968 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள்.

தூத்துக்குடி ராஜா:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹெர்மீஸை நாம்தான் 1986-ல் வாங்கினோம். 1987 முதல் 2017 வரை ஐ.என்.எஸ். விராட். என் சித்தப்பா அதில் எட்டு ஆண்டு வேலை பார்த்தார். ஹாரியர் முதலில் கப்பலுக்குப் பக்கத்தில் காற்றில் நிற்கும், அப்புறம்தான் இறங்கும் என்பார். தென் அட்லாண்டிக்கின் பனிமூட்டத்திலும் பேரலையிலும் அது பெரிய வசதி. பெரிய கப்பலுக்கான ஃபாண்டம் போர் விமானம் அப்படியா? ஏறி இறங்கும் தளத்தில் வேகமாக வந்து கம்பியைப் பிடிக்க வேண்டும்.

விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி எறியும் கேட்டபுல்ட்டையும் மந்திரக்கோலாக நினைக்க வேண்டாம். மே 2 அன்று காற்று போதாமல் அர்ஜென்டினாவின் வெய்ன்டிசிங்கோ டி மாயோ என்ற விமானந்தாங்கிக் கப்பலால் குண்டேற்றிய ஸ்கைஹாக் விமானங்களை அனுப்ப முடியவில்லை. அந்தக் கப்பலே ஒரு காலத்தில் பிரிட்டனின் வெனரபிள்தான்.

கடல்நேசன்:
ராஜா, ஹாரியர் இறங்குவதைப் பற்றி உங்கள் சித்தப்பா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் வெனரபிள் 1945-ல் சேவைக்கு வந்த சின்னக் கப்பல், வேகமும் குறைவு. அதை சிவிஏ-01-க்குப் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

செந்தில்வேலன்:
சரி, ரேடாருக்கே வருகிறேன். அங்கே ஓட்டை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை எதைக் கொண்டு அடைத்தார்கள்? சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் சர்ச்வாட்டர் ரேடாரைத் தொங்கவிட்டார்கள். சில வாரங்களில் முடிந்த வேலை. ஆகஸ்டிலேயே இல்லஸ்ட்ரியஸ் கப்பலில் தெற்கே போனது. போர் ஜூன் 14-ல் முடிந்துவிட்டது என்பதுதான் கொடுமை. 1975-லேயே யாராவது இந்த வேலையில் இறங்கியிருந்தால், ஷெஃபீல்டு தாக்கப்பட்ட அன்றே ஹெர்மீஸிலிருந்து ஒரு ரேடார் மேலே போயிருக்கலாம். அதற்கு ஐம்பதாயிரம் டன் கப்பல் எதற்கு?

கடல்நேசன்:
நல்ல கேள்வி. பெரிய கப்பல் இல்லாமலும் முடிந்திருக்கும், அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் ஏன் யாரும் செய்யவில்லை? பெரிய கப்பல் போனதும், வடக்கு அட்லாண்டிக்கில் சோவியத் நீர்மூழ்கிகளைத் தேடுவதே முதல் வேலை என்று கடற்படையின் சிந்தனையே சுருங்கிவிட்டது. அங்கே தரையிலிருந்து ஷாக்கிள்டன் வரும் என்று நம்பினார்கள். தனியாகத் தூரக்கடலில் சண்டை போடுவோம் என்ற நினைப்பே இல்லை. 1966-ல் இழந்தது கப்பலை மட்டுமல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

செந்தில்வேலன்:
அப்படியானால் இன்றைக்கு வாருங்கள். 2017-ல் சேவைக்கு வந்த குயீன் எலிசபெத் சுமார் 65,000 டன். சிவிஏ-01-க்கு வைக்க இருந்த பெயரும் அதுதான். நீங்கள் கேட்ட அளவு கிடைத்துவிட்டது. அதிலும் கேட்டபுல்ட் இல்லை, ரேடாரை மெர்லின் ஹெலிகாப்டர்தான் தூக்கிக்கொண்டு போகிறது.

கடல்நேசன்:
அதுவே எனக்கு இன்றும் பயம். கேட்டபுல்ட்டிலிருந்து கிளம்பும் ஹாக்ஐ போன்ற ரேடார் விமானம் ஏறும் உயரத்துக்கும் நிற்கும் நேரத்துக்கும் மெர்லினால் ஈடு கொடுக்க முடியாது. கேட்டபுல்ட் வைப்பதென்று 2010-ல் முடிவெடுத்து, 2012-ல் செலவைக் காரணம் காட்டிக் கைவிட்டார்கள். அன்றும் கஜானா, இன்றும் கஜானா.

தூத்துக்குடி ராஜா:
கேட்டபுல்ட்டுக்கு ஆகும் செலவில் இரண்டாவது கப்பலே போயிருந்தால்? அந்த இரண்டாவது கப்பலான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இல்லாமல் ஒரே கப்பலை வைத்துக்கொண்டு, அது பழுதுபார்க்கப் போகும் மாதங்களில் என்ன செய்வார்கள்? கடல்நேசன் அண்ணா, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.