உப்பு தூவிய சாலையில் கார் வழுக்கினால் யார் குற்றம்?

கெடிலக்கரை: கனடாவில், மாண்ட்ரியலில் இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் காலையில் வேலைக்குப் புறப்பட்டான். ஐஸ் படியாமலிருக்க இரவே உப்பு தூவிய சாலை. ஆனாலும் கார் வழுக்கித் தடுப்பில் மோதிவிட்டது. அன்றைக்கு மைனஸ் 18 டிகிரி. உப்புநீர் மைனஸ் 21 வரை உறையாது. அப்படியானால் தூவியவர்கள் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள். நான் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட்டில் இருபது வருடம் இருந்தவன். தொட்டியில் உப்புநீர் மைனஸ் 10-இலும் தளும்பிக்கொண்டிருக்கும். அதில் இறக்கிய கேன்களில் நல்ல தண்ணீர் பாறையாகிவிடும். உப்பைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

முத்தியால்பேட்டை: பாடம் இல்லை அண்ணா, அங்கே ஒன்பது குளிர்காலம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். மைனஸ் 21 என்பது நூற்றுக்கு 23 பங்கு உப்பு கரைந்த நீருக்கு. உங்கள் தொட்டியில் உப்பு கரைந்தே இருக்கிறது. சாலையில் கிடப்பது கரையாத கல் உப்பு. அது கரைய ஈரம் வேண்டும். மைனஸ் 18-இல் ஈரம் ஏது? மைனஸ் 10-க்குக் கீழே வெறும் உப்பை நம்பி வண்டியை விரட்ட முடியாது. கொஞ்சம் உருகினாலும் அந்த நீரே உப்பின் வீரியத்தைக் குறைத்துவிடும், மறுபடி உறையும். கண்ணுக்குத் தார் தெரியும், மேலே படிந்த ஐஸ் தெரியாது.

கெடிலக்கரை: கரைத்தே ஊற்றினால் என்ன?

முத்தியால்பேட்டை: ஊற்றுகிறார்கள், பனி விழுவதற்கு முன்பே. ஆனால் முதலில் மழை பெய்து பிறகு பனியாக மாறினால் அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். காற்றடிக்கும் நாள் இன்னும் மோசம். காய்ந்த பொடிப்பனி தானாகவே சாலையைக் கடந்து ஓடிவிடும். உப்பு போட்டு நனைத்தால் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குத் தூவாமல் விடுவதே நல்லது.

கெடிலக்கரை: தூவாமல் விடுவது நல்லதாம்! வரி வாங்குகிறவர்களுக்கு வாய்த்த வக்கீல்.

சங்கராபரணி: இடையில் நுழைகிறேன். மரக்காணம் கல் உப்பு ஐப்பசி அடைமழையில் சாடிக்குள்ளேயே கசிகிறதே, அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு செய்கிற வேலை அது. குளிர் மிஞ்சினால் அங்கே இந்த மக்னீசியம் குளோரைடையோ கால்சியம் குளோரைடையோ தூவுவதும் உண்டு. காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடும் கொடுக்கும். விலைதான் அதிகம்.

கெடிலக்கரை: ஆக, மருந்து இருந்தும் மலிவானதைத் தூவினார்கள். கஞ்சத்தனம் என்று நான் அப்போதே சொன்னேனே!

முத்தியால்பேட்டை: அன்று எதைத் தூவினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? மோதிய இடம் பாலமா என்று அவனைக் கேளுங்கள். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று. தரைச் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும்.

கெடிலக்கரை: கேட்டேன். பாலம்தான். ஆனாலும் உப்பு போதவில்லை.