குமரி எல்லையில் நீரோடி தாண்டி கேரளாவுக்குள் பஸ்ஸிலேயே போனவர்கள்: வழியில் பார்த்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு உயிரைப் பற்றிச் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் மக்கா

நானே ஆரம்பிக்கிறேன். பூவாறு–விழிஞ்ஞம் பஸ், கோவளத்தில் ஹாஸ்டல் புக் பண்ணியிருந்தேன். புல்லுவிளையில் இறங்கிக் கொஞ்ச தூரம் கடற்கரையோடு நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைப்பு. கரையில் நின்றே இழுக்கிற கரமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு வடத்திலும் ஆள் நிற்க, ஒரு பெரியவர் என் முதுகுப் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டு “மோனே, பிடி” என்றார். பிடித்தேன்.

மடி கரைக்கு வந்தபோது சாளையும் இல்லை, நெத்திலியும் இல்லை. திமிங்கலச் சுறா. குட்டிதான் என்றார்கள், அந்தக் குட்டியே ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு இருந்தது. கருத்த முதுகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக, தலைக்குப் பக்கத்தில் ஐந்து செவுள் பிளவுகள், அலை வந்து மூடும்போதெல்லாம் அவை விரிந்து விரிந்து அடங்கின. தொட்டேன், உப்புத்தாளைத் தடவிய மாதிரி சொரசொரவென்று இருந்தது. கண் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குச் சின்னது.

யாரும் பேரம் பேசவில்லை, யோசிக்கவும் இல்லை. கத்தி வந்தது, மடியை அறுத்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாலோடு இழுத்து ஆழத்தில் விட்டோம். அது திரும்பி நேராகக் கரைக்கே வந்து மணலில் வயிற்றை வைத்தது. இதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை, கடலையே விட்டுக் கொடுத்தும் ஏன் திரும்பி வந்தது? மறுபடி தள்ளினோம், மறுபடி வந்தது, அப்புறம் ஒரு தடவை போனது. போனதா, அலைக்கு அடியில் எங்காவது முட்டிக்கொண்டு கிடந்ததா என்று கரையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. வலைக்காரர் அறுந்த மடியைச் சுருட்டிக்கொண்டே “பஸ் போயாச்சில்லே, சாயா குடிச்சிட்டுப் போ” என்றார். அன்றைக்கு அவருக்கு ஒரு மீன்கூட இல்லை. சாயாக் காசையும் என்னைக் கொடுக்கவிடவில்லை.

யாரிடம் சொன்னாலும் “போட்டோ எங்கே?” என்கிறார்கள். இரண்டு கையிலும் சுறாவைப் பிடித்துக்கொண்டு எப்படி எடுப்பது?

கடல்புறத்தான்

தம்பி, நல்ல காரியம், ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. சுறா வகைக்கு வாய் வழியாகத் தண்ணீர் போய்ச் செவுள் வழியாக வெளியே வரவேண்டும், பின்னோக்கி இழுத்தால் அதற்கு மூச்சு முட்டும். தலையைக் கடல் பக்கம் திருப்பிவிட்டுத் தள்ளணும். அது திரும்பி வந்ததற்குக் காரணம் மயக்கமாகவே இருக்கலாம். திருவனந்தபுரம் கரையில் கரமடியில் இது சிக்குவது புதிதில்லை, வலைக்காரர்களுக்குத் தெரியும், 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானைக்கும் புலிக்கும் உள்ள அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. ஆனால் அறுந்த மடிக்கு ஆகும் செலவை உங்களைப் போல் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை, சாயாவோடு கதை முடிந்துவிடுகிறது.

என் கதை சின்னது. வர்க்கலையிலிருந்து காப்பில் வழியாகப் பரவூர் போகிற பஸ், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். மே மாதம், காற்றில்லை, மழையில்லை. பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன், மணலில் படுத்திருந்த நாய் ஒன்று சட்டென்று எழுந்து காயல் பக்கம் ஓடியது. எதற்கு ஓடுகிறது என்று கேட்பதற்குள் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. எங்களில் ஒருவருக்கும் தெரியாதது அதற்குத் தெரிந்திருக்கிறது.

அதுதான் கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் அடித்து, அந்த அலை நாட்கணக்கில் பயணப்பட்டு நம் கரைக்கு வரும், இங்கே வானம் தெளிவாக இருக்கும், கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பேர். 2012இல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள், அதைப் பார்க்காமல் ஹாஸ்டலில் எத்தனை ஸ்டார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் பீச்சில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது நம் குமரி மாவட்டத்தில்தான். மணலில் பையை வைக்காதீர்கள், அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், வர்க்கலைக் குன்றின் விளிம்பில் உட்காராதீர்கள், மழைக்காலத்தில் அது இடிந்து விழுகிற குன்று. செருப்பும்

டிக்கெட் இல்லா ராணி

அண்ணே, நாய் கதை நன்றாக இருந்தது, அப்புறம் வானிலை அறிக்கையாகிவிட்டது. செருப்போடு நின்றுவிட்டதால் நான் இடையில் புகுந்துகொள்கிறேன்.

நீரோடி வரை மகளிர் பஸ், டிக்கெட் கிடையாது. அங்கிருந்து பொழியூருக்குள் நடந்து போனால் கேரளா, அதற்கு மேல் எங்கே ஏறினாலும் காசு. இப்படி மாறி மாறி ஏறி வர்க்கலை வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பெண்கள் டார்மெட்டரி, பழைய ஓட்டு வீடு, மேலே பலகை மச்சு. நள்ளிரவில் மச்சில் யாரோ கல் உருட்டுகிற சத்தம். அடுத்த கட்டிலில் இருந்த கோழிக்கோட்டுப் பெண் கண்ணைத் திறக்காமலே “மரப்பட்டி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம் மரநாய்தான். 2024இல் கேரள முதல்வரே அமைச்சர்கள் பங்களாவில் மரப்பட்டித் தொல்லை தாங்கவில்லை என்று பேசியிருக்கிறார், அப்படியிருக்க ஹாஸ்டல் எம்மாத்திரம்.

டார்ச் அடித்தேன். மச்சுப் பலகை ஒன்று விலகியிருந்த இடத்தில் ஒரு முகம். கறுப்பு மூக்கு, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, மீசை முழுக்கத் தூசி. அதற்கு என்னைப் பார்த்துப் பயமில்லை. நான் தலைமாட்டில் வைத்திருந்த ரசகதலிப் பழத்தைத்தான் பார்த்தது. அதன் வயிற்றுக்குப் பின்னால் இருட்டில் இன்னொரு சின்ன முகம் வந்து போனது. வாசனை வேறு, நாற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு பாசுமதி வேகிற மணம்தான் வந்தது.

மறுநாள் யாரோ புகார் சொல்ல, பராமரிப்பு பார்க்கும் சேட்டன் ஏணி போட்டு ஓட்டுக்குக் கீழே இருந்த வழியைத் தகரம் வைத்து ஆணி அடித்து மூடினார். “குட்டி உள்ளே இருந்தால்?” என்றேன். “எல்லாம் போயிருக்கும் மோளே” என்றார். எனக்குக் கொல்லம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தங்கசேரியில் அந்த 1902ஆம் வருடத்து லைட் ஹவுஸ் மேலே ஏறி எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள், நான் அந்தத் தகரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பாக்கம் ஏரிக்கரை

எல்லோரும் மேற்கேயே போகிறீர்கள். ஹாஸ்டல் கிடையாது என்பதற்காக எங்கள் பக்கம் கடல் இல்லாமல் போய்விடுமா? சென்னையிலிருந்து லோக்கல் ரயிலில் ஆந்திராவின் சூலூர்பேட்டை, அங்கே லாட்ஜ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் பூநாரை. நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும்.

நான் பார்த்தது சாயங்காலம். கார்க்காரர்கள் சிலர் பறவை மேலே எழும்பினால்தான் வீடியோ அழகு என்று ஏரிக்குள் இறங்கிக் கை தட்டிக் கத்தினார்கள். பூநாரை சட்டென்று பறக்காது, தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பும். கூட்டம் முழுக்க ஓடி எழுந்துவிட்டது, சிவப்பு இன்னும் ஏறாத ஒரு சாம்பல் நிறக் குஞ்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும், சிறகை விரிக்கும், கால் சேற்றில் வாங்கும், மறுபடி ஓடும். அவர்கள் அதையும் எடுத்தார்கள், சிரித்துக்கொண்டே. நான் சத்தம் போட்டேன், “உன் ஏரியா?” என்று கேட்டார்கள். கடைசி பஸ் வந்துவிட்டது.

மக்கா, போட்டோ இல்லை என்று வருத்தப்படாதே.

கடல்புறத்தான்

செருப்பும் டார்ச்சும் தனிப் பையில் என்று சொல்ல வந்தேன், நெட் போய்விட்டது. ஏரிக்கரைத் தம்பி, வனத்துறை ஆட்கள் அந்த ரோட்டில் வருவார்கள், வண்டி நம்பரைக் குறித்துக் கொடுத்திருக்கலாமே. ராணி, நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், தாய் மரநாய் ஆபத்து என்று தெரிந்தால் குட்டியை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடும், எங்கள் வீட்டு மச்சிலேயே பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை பழத்தை டப்பாவில் வையுங்கள், ஓட்டு வீடு வேண்டாம், கான்கிரீட் கட்டிடமா என்று கேட்டு புக் பண்ணுங்கள்.

டிக்கெட் இல்லா ராணி

போகும்தான் அண்ணே, ராத்திரியில். அந்த சேட்டன் ஆணி அடித்தது காலை பதினொரு மணிக்கு. பகலில் மரநாய் மச்சை விட்டு எங்கே போகும்?