கல்வி உதவித் திட்டங்களை ஒரே நிதியாக்கலாமா?

உட்லண்ட்ஸ் அப்பா: இங்கே சிங்கப்பூரில் பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, உணவு இவற்றுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம். கைச்செலவுக்கு வேறொரு நிதி. மாணவர் பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்கு இன்னொரு கழிவு. துணைப்பாடத்துக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி வருமான வரம்பு. எல்லாவற்றையும் ஒரே நிதியில் போட்டு, ஒரே விண்ணப்பமாக வைத்தால் என்ன?

தெம்பனிஸ் தம்பி: படிவம் ஒன்றாகட்டும். நிதியை ஒன்றாக்காதீர்கள் அண்ணே. சிண்டாவுக்குப் போவது நம்மவர் சம்பளத்தில் மத்திய சேமநிதி வழியாகப் பிடிக்கிற பணம். ஆயிரம் வெள்ளி வரை சம்பளம் என்றால் மாதம் 1 வெள்ளி, 15,000க்கு மேல் என்றால் 30. நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதைப் பார்த்துத்தான் 1991ல் சிண்டாவையே தொடங்கினார்கள். பெரிய நிதியில் கலந்துவிட்டால் அந்த நோக்கத்தை யார் கவனிப்பார்கள்?

உட்லண்ட்ஸ் அப்பா: சிண்டா மாதிரி ஒவ்வோர் இனத்துக்கும் இருக்கிற நான்கு சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து கூட்டுத் துணைப்பாட வகுப்பு நடத்துகின்றனவே! அதில் எந்த இனப் பிள்ளையும் சேரலாம். அதனால் சிண்டாவின் நோக்கம் கெட்டுப்போய்விட்டதா என்ன?

தெம்பனிஸ் தம்பி: அது வகுப்பைப் பகிர்வது. கஜானாவைக் கலப்பது இல்லை. ஒரே நிதி என்றால் ஒரே வரம்புதான் வரும். 2025ல் அமைச்சு தன் வரம்பை உயர்த்தியது. குடும்ப வருமானம் 3,000 வெள்ளியிலிருந்து 4,000 ஆனது, தலைக்கு 750 என்பது 1,000 ஆனது. அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிற குடும்பத்துக்கு இன்று வேறு கதவைத் தட்ட வழியிருக்கிறது. எல்லாம் ஒன்றானால் ஒரு மறுப்போடு அத்தனையும் போச்சு.

கணக்கு அக்கா: ரெண்டு பேரும் பணத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் தொண்டூழியராகத் துணைப்பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் இடம் இருக்கிறது, பிள்ளைதான் வருவதில்லை. விசாரித்தால், அதே நேரத்தில் பள்ளியில் கூடுதல் வகுப்பு வைத்திருப்பார்கள். இல்லையென்றால் தம்பியைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டும். பள்ளி ஆசிரியர் பின்னத்தில் எங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் எதைத் திருப்பி நடத்துகிறேன் என்று அவருக்குத் தெரியாது. மூன்று இடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போகும். அந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள். இதற்கு எந்தப் படிவம் மருந்து?

உட்லண்ட்ஸ் அப்பா: அதற்குத்தானே 2018ல் அரசின் அப்லிஃப்ட் பணிக்குழு வந்தது? பள்ளிக்கு நீண்டநாள் வராத பிள்ளைகளைக் கவனிக்கத்தானே அது?

கணக்கு அக்கா: ஆமாம், நல்ல வேலைதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசுத் திட்டமான காம்லிங்க் பிளஸ்ஸிலும் குடும்பப் பயிற்றுவிப்பாளர் என்று ஒருவர் வருகிறார். ஆனால் அது முக்கியமாக வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு. சொந்த மூவறை வீட்டில் கடனோடு இருப்பவருக்கு அந்த ஒருவர் யார்?

தெம்பனிஸ் தம்பி: அக்கா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பள்ளி, சிண்டா, பராமரிப்பு நிலையம் எல்லாருக்கும் என் வீட்டு வருமானம் தெரிய வேண்டுமா? வகுப்பில் “உதவி வாங்குகிற பையன்” என்று பெயர் வந்துவிட்டால் அவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

கணக்கு அக்கா: வருமானம் எனக்கு எதற்கு? வருகைப் பதிவும் வாராந்தர அட்டவணையும் போதும். எந்தப் பாடத்தில் தடுக்கி நிற்கிறான் என்று ஆசிரியர் ரெண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது. 2023 கணக்கெடுப்புப்படி இங்குள்ள குடும்பங்கள் தனியார் துணைப்பாடத்துக்குச் செலவழித்தது 1.8 பில்லியன் வெள்ளி. காசு உள்ள வீட்டில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து நேரத்தைப் பொருத்துகிறார்கள், டியூஷன் டீச்சரிடம் கேள்வி கேட்கிறார்கள். இரவு வேலைக்குப் போகிற அம்மாவுக்காக அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

உட்லண்ட்ஸ் அப்பா: சரி, நிதியை விடுகிறேன். படிவத்தை விடமாட்டேன். ஒரே சம்பளச் சீட்டை எத்தனை இடத்தில் காட்டுவது?

தெம்பனிஸ் தம்பி: அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து?

கணக்கு அக்கா: அமைச்சுதான். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர்.

தெம்பனிஸ் தம்பி: சிண்டா பணத்தில் கைவைக்காதவரை எனக்குச் சம்மதம்.