லெட்டர்பேடுல மூணு சிங்கம் போடலாமா?

மின்ட்_டிசைனர்:
மின்ட்டாண்ட சின்னதா பிரிண்டிங் கடை வச்சிருக்கேன்பா. ஒரு சங்கத்துக்காரர் வந்து லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு ரெண்டுலயும் மூணு சிங்கம் எம்ப்ளம் போட்டுக் குடு, கெத்தா இருக்கணும்ன்றாரு. போட்டா கேஸ் ஆவுமா? ஸ்கிரீன்ல பெருசு பண்ணப்போ கீழ மாடு குதிரைலாம் வேற கீது, அதுக்கு இன்னா அர்த்தம்?

காசிமேட்டான்:
போட்டுராத தல. 2005லயே இதுக்குன்னு சட்டம் வந்துடுச்சு, மாட்டுனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி 5000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் குடுப்பாங்க. எம்பி, எம்எல்ஏ போட்டுக்கலாம், ஆனா மாஜி ஆயிட்டா அவங்களே போடக்கூடாது, சங்கத் தலைவர்லாம் எம்மாத்திரம்.

பெரம்பூர்_லோகோ:
சிங்கம் மூணு இல்லீங்க, நாலு. முதுகோட முதுகு ஒட்டி நிக்கறதால பின்னாடி இருக்கறது படத்துல தெரியாது. அசோகர் சாரநாத்துல நட்ட தூணோட உச்சி அது, புத்தர் முதல் உபதேசம் பண்ண எடம். 1904-05ல தோண்டி எடுத்தாங்க, அங்க மியூசியத்துலயே இருக்கு, 1950 ஜனவரி 26ல நம்ம சின்னமாச்சு. சிங்கம் நிக்கற பீடத்த சுத்தி யானை, குதிரை, காளை, இன்னொரு சிங்கம், நடுநடுவுல சக்கரம்னு செதுக்கிருக்கும். முன்பக்கம் தெரியறது காளையும் குதிரையும் மட்டும். அர்த்தம் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நாலு திசைன்னு ஒரு கட்சி, புத்தர் கதைன்னு இன்னொரு கட்சி, அதாவது யானை புத்தரோட அம்மா மாயாதேவி கண்ட கனவு, குதிரை புத்தர் அரண்மனைய விட்டுக் கெளம்புனது. எனக்கு ரெண்டாவது தான் சரின்னு படுது, ஏன்னா ஒரிஜினல்ல அந்த நாலு சிங்கத்து தலைக்கும் மேல ஒரு பெரிய தர்மசக்கரம் இருந்துச்சு, ஒடஞ்ச துண்டுங்க கெடச்சிருக்கு. சிங்கம்ன்ற ராஜா பவருக்கும் மேல தர்மம்னு தானே அர்த்தமாவுது. நம்ம எம்ப்ளத்துல அந்த மேல் சக்கரம் இல்ல, கீழ இருந்த கவுத்த தாமரையும் இல்ல, சிங்கம் மட்டும் உச்சில நிக்கவே எல்லாரும் கெத்துன்னு எடுத்துக்கறாங்க.

ராயபுரம்_வாசி:
எழும்பூர் மியூசியத்துல அமராவதி சிற்பம் (ஆந்திரால இருந்து வந்த பழைய புத்த சிற்பம்) இருக்குற ஹாலுக்கு ஒருவாட்டி போங்க, தூண் மேல சக்கரத்த வச்சு ஜனங்க கும்புடற மாதிரி கல்லுல பாக்கலாம்.

மின்ட்_டிசைனர்:
டேங்ஸ்பா. முடியாதுன்னு சொல்லிட்டேன், அப்ப நம்ம தமிழ்நாடு கவர்மென்ட் கோபுரத்த போடுன்றாரு 😂

காசிமேட்டான்:
கோபுரத்துக்கு முன்னாடி இன்னா நிக்குதுன்னு பாக்க சொல்லு அவர. அதே சிங்கம் தான்.